கேள்வி பதில்: பந்து எறிந்தவர், பந்து விற்றவர் – ஆல்பர்ட் ஸ்பால்டிங்

சென்ற இதழில் விளையாட்டுப் பொருள்களின் விலையைப் பற்றி எழுதியபோது, ஸ்பால்டிங் என்பது ஒரு பழைய பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயர் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. எனவே இம்மாதப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் பள்ளியின் கூடைப்பந்தின் மீது ‘ஸ்பால்டிங்’ என்று அச்சிட்டிருக்கிறது. அது ஊரின் பெயர் என்றே மாணவர்களிடம் சொல்லிவந்தேன். பேஸ்பால் ஆடியவருக்கும் கூடைப்பந்துக்கும் என்ன தொடர்பு?
– உடற்கல்வி ஆசிரியர், அரூர்

ஆல்பர்ட் குட்வில் ஸ்பால்டிங் 1849ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பைரன் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, அருகிலிருந்த ராக்ஃபோர்டு நகரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்த அந்தக் கூச்சமுள்ள சிறுவனுக்கு, மற்றப் பிள்ளைகளோடு பழகும் வழியாக அமைந்தது பேஸ்பால்தான். மட்டையால் பந்தை அடித்துவிட்டு, தளங்கள் எனப்படும் நான்கு இடங்களைச் சுற்றி ஓடும் அந்த ஆட்டத்தில், மட்டைக்காரருக்குப் பந்து எறிபவரின் பொறுப்பு மிகப் பெரிது. அக்காலத்தில் கையைத் தோளுக்கு மேல் தூக்காமல், கீழிருந்துதான் பந்தை வீச வேண்டும். 1867இல் வாஷிங்டன் நகரின் நேஷனல்ஸ் அணி நாட்டின் மேற்குப் பகுதியைச் சுற்றி வந்து, எதிர்ப்பட்ட அணிகளை எல்லாம் வென்றுகொண்டிருந்தது. அந்தப் பயணத்தில் அவர்கள் தோற்ற ஒரே ஆட்டம் ராக்ஃபோர்டின் ஃபாரஸ்ட் சிட்டி அணியிடம், 29க்கு 23 என்ற கணக்கில். ராக்ஃபோர்டுக்காகப் பந்து எறிந்த ஸ்பால்டிங்குக்கு அப்போது 17 வயது.

பணம் வாங்கிக்கொண்டு ஆடுவது இழிவு என்று கருதப்பட்ட காலம் அது. திறமையான ஆட்டக்காரருக்கு ஒரு கடையிலோ அலுவலகத்திலோ பெயருக்கு ஒரு வேலை கொடுத்து, ஆட்டத்துக்கான சம்பளத்தை அந்த வேலையின் சம்பளமாகக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஸ்பால்டிங்கும் சிகாகோவின் மொத்த மளிகை நிறுவனம் ஒன்றில் எழுத்தராக அப்படித்தான் அமர்த்தப்பட்டார். அந்த நிறுவனம் விரைவில் நொடித்துப்போனதால் ஊர் திரும்பினார். 1869இல் சின்சினாட்டி அணி வெளிப்படையாகவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. 1871இல் பாஸ்டன் அணியில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்த ஸ்பால்டிங், 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்த அணி முதலிடம் பெறக் காரணமாக இருந்தார். 1875இல் மட்டும் அவர் எறிந்த ஆட்டங்களில் 54 வெற்றி, 5 தோல்வி.

கூடைப்பந்தின் செய்தி சுருக்கமானது. ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த ஆட்டத்தை வகுத்தபோது கால்பந்தையே பயன்படுத்தினார். சில ஆண்டுகளுக்குப் பின் அதற்கெனத் தனிப் பந்து தேவைப்பட்டபோது, அதைச் செய்து கொடுத்தது ஸ்பால்டிங்கின் நிறுவனம். உங்கள் மாணவர்களிடம் இனி அது ஓர் ஆட்டக்காரரின் பெயர் என்று தயங்காமல் சொல்லலாம்.

அவர் 800 டாலர் முதல் போட்டுக் கடை தொடங்கியதாகப் படித்தேன். நாங்களும் ஒரு சிறு கடை நடத்துகிறோம். அத்தனை சிறிய முதல் எப்படி அவ்வளவு பெரிய தொழிலாயிற்று?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

அந்த 800 டாலர் அவருடைய தாயார் ஹாரியட் கொடுத்த பணம். 1876இன் தொடக்கத்தில், தம் தம்பி வால்டரைக் கூட்டாளியாகக் கொண்டு, சிகாகோவில் அவர் விளையாட்டுப் பொருள் கடை திறந்தார். வால்டர் வங்கி வேலை பார்த்தவர். கணக்கும் கல்லாவும் அவர் பொறுப்பில் இருந்தன. பின்னர் சகோதரியின் கணவர் வில்லியம் பிரவுனும் சேர்ந்தார். குடும்பம் சேர்ந்து நடத்திய கடை என்ற அளவில் நம் ஊர்க் கடைவீதியில் உள்ளவர்களுக்கு இதில் புதுமை ஏதும் இல்லை.

புதுமை அந்த ஆண்டில் இருக்கிறது. 1876 பிப்ரவரி 2 அன்று நியூயார்க்கில், சிகாகோ அணியின் வில்லியம் ஹல்பர்ட்டின் முயற்சியால், தொழில்முறை அணிகள் தங்களுக்குள் போட்டி நடத்தும் அமைப்பான நேஷனல் லீக் உருவானது; அதன் விதிகளை வகுப்பதில் ஹல்பர்ட்டுக்குத் துணையாக இருந்தவர் ஸ்பால்டிங். அதே ஆண்டு அவர் சிகாகோ அணியின் தலைவராகவும் மேலாளராகவும் 47 ஆட்டங்களை எறிந்து வென்று, அந்த லீகின் முதல் பட்டத்தையும் பெற்றுத் தந்தார். கடை திறந்தபோது அவருக்கு வயது 26. புகழ் உச்சத்தில் இருக்கும்போதே, உடலில் வலு குறைவதற்கு முன்பே, அவர் கடையைத் திறந்துவிட்டார் என்பதை இந்த வரலாற்றின் முதன்மையான செய்தியாக நான் கருதுகிறேன்.

அடுத்து அவர் செய்தது, தம் பந்தை லீகின் அதிகாரபூர்வமான பந்தாக ஏற்கச் செய்தது. லீக் ஆடுவது இந்தப் பந்தில்தான் என்று தெரிந்ததும், நாட்டில் எந்த மூலையிலுள்ள சிறுவனும் அதே பந்தைக் கேட்பான் அல்லவா? நேஷனல் லீகின் பந்தை ஸ்பால்டிங் நிறுவனம் 1976 வரை செய்து கொடுத்தது. இதோடு, ஆட்ட விதிகளையும் முந்தைய ஆண்டின் கணக்குகளையும் தொகுத்து 10 சென்ட் விலையில் ஆண்டுதோறும் ஒரு கையேட்டை அவர் வெளியிட்டார். ஹென்றி சாட்விக் என்ற பெயர்பெற்ற பத்திரிகையாளர் அதைப் பல ஆண்டுகள் தொகுத்தார். விதிகளைத் தெரிந்துகொள்ளக் கையேட்டைத் திறந்தவர் அதிலேயே பந்து, மட்டை, சீருடை, காலணி ஆகியவற்றின் விளம்பரங்களையும் கண்டார். மாந்தோப்பும், கூழ் ஆலையும், விலை எழுதும் மண்டியும் ஒருவர் கையிலேயே இருந்தால் கிருஷ்ணகிரியில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தால், லீக், கடை, விதிப் புத்தகம் ஆகிய மூன்றையும் பற்றியிருந்த அவருடைய வலிமை விளங்கும்.

கையுறையின் கதையை நீங்கள் அவசியம் அறிய வேண்டும். அக்காலத்தில் எல்லாரும் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தார்கள்; கையுறை அணிவது கோழைத்தனம் என்ற எண்ணம் இருந்தது. 1875இல் சார்லஸ் வைட் என்ற ஆட்டக்காரர் கூச்சப்பட்டு, யார் கண்ணிலும் படாதபடி, தோலின் நிறத்திலேயே ஒரு கையுறையை அணிந்திருந்ததை ஸ்பால்டிங் கவனித்தார். 1877இல், எறியும் வேலையிலிருந்து முதல் தளத்தைக் காக்கும் இடத்துக்கு மாறி, நாள் முழுதும் வேகமாக வரும் பந்துகளைப் பிடிக்க வேண்டியிருந்தபோது, அவர் எல்லாரும் பார்க்கும்படி கறுப்புக் கையுறையையே அணிந்தார். அவரைப் போன்ற பெயர்பெற்ற ஆட்டக்காரர் அணிந்ததால் யாரும் கேலி செய்யவில்லை. கை வலித்தது உண்மை. கடையில் கையுறை விற்றதும் உண்மை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உதவியதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அதன்பின் எத்தனையோ ஆட்டக்காரர்களின் விரல்கள் முறியாமல் தப்பின.

போட்டியாளர்களை அவர் விலைக்கு வாங்கிய விதமும் கவனிக்கத்தக்கது. ஆல் ரீச் என்பவரும் முன்னாள் ஆட்டக்காரரே. பிலடெல்ஃபியாவில் பென் ஷைப் என்பவரோடு சேர்ந்து பந்து செய்துவந்தார். அந்த நிறுவனத்தை 1889இல் ஸ்பால்டிங் வாங்கினார். பின்னர் ஜார்ஜ் ரைட் என்ற மற்றொரு பெரிய ஆட்டக்காரரின் ரைட் அண்டு டிட்சன் நிறுவனத்தையும் வாங்கினார். ஆனால் பழைய பெயர்களை அழிக்கவில்லை. பின்னாளில் எழுந்த அமெரிக்கன் லீக் ரீச் பெயரிட்ட பந்தை ஏற்றபோது, இரண்டு லீகுகளின் பந்துக்கும் பின்னால் ஒரே முதலாளி இருந்தார். வாங்குபவர் பலருக்கு அது தெரியாது. எல்லாம் வெற்றியாகவும் அமையவில்லை. 1890களில் சைக்கிள் மோகம் பெருகியபோது அவரும் அதில் இறங்கினார்; 1899இல் பல சைக்கிள் நிறுவனங்களை இணைத்து உருவாக்கிய அமெரிக்கன் பைசிக்கிள் கம்பெனி சில ஆண்டுகளிலேயே வீழ்ந்தது.

ஆட்டக்காரராக இருந்தவர் முதலாளியான பின் ஆட்டக்காரர்களை எப்படி நடத்தினார்? நான் ஒப்பந்த முறையில் வேலை செய்பவன், அதனால் கேட்கிறேன்.
– ஒரு தொழிலாளி, ஓசூர்

வந்த கேள்விகளில் இதுவே மிக முக்கியமானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1875இல் பாஸ்டன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோதே, ஸ்பால்டிங்கும் அவருடைய தோழர்கள் ராஸ் பார்ன்ஸ், கேல் மெக்வே, டீக்கன் ஒயிட் ஆகியோரும் அடுத்த ஆண்டு சிகாகோவுக்கு ஆட ஒப்புக்கொண்டார்கள். செய்தி வெளியானபோது பாஸ்டன் தெருக்களில் சிறுவர்கள் அவர்களைத் துரோகிகள் என்று ஏசினார்கள். நல்ல சம்பளமும் நல்ல வாய்ப்பும் கிடைக்கும் இடத்துக்குப் போக ஓர் உழைப்பாளிக்கு உள்ள உரிமையைத்தான் அவர் அன்று பயன்படுத்தினார். அதில் தவறில்லை.

ஆனால் 1879இல் அணி உரிமையாளர்கள் கூடி, ஓர் அணிக்கு ஐந்து ஆட்டக்காரர்களை மற்ற அணிகள் எடுக்கக் கூடாது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த ஐந்து பேர் என்ற எண்ணிக்கை படிப்படியாகக் கூட்டப்பட்டு, கடைசியில் ஏறத்தாழ அணி முழுவதையும் கட்டிப்போட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போக முடியாது. உரிமையாளர் சொன்ன சம்பளத்தை ஏற்க வேண்டும், அல்லது ஆட்டத்தை விட வேண்டும். 1882இல் ஹல்பர்ட் இறந்தபின் சிகாகோ அணியின் நிர்வாகத் தலைவரான ஸ்பால்டிங், இந்த விதியின் உறுதியான காவலரானார். 1887இன் தொடக்கத்தில் தம் அணியின் புகழ்பெற்ற மைக் கெல்லியை 10,000 டாலருக்குப் பாஸ்டனுக்கு விற்றார். அந்தத் தொகை போனது அணிக்கு. அன்றைய சம்பள உச்சவரம்பு 2,000 டாலராக இருந்ததால், பாஸ்டன் அணி கெல்லியின் படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கு என்று மேலும் 3,000 டாலர் கொடுத்தது.

ஆட்டக்காரர்கள் 1885இலேயே ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். அதன் தலைவர் ஜான் மாண்ட்கோமரி வார்டு, ஆடிக்கொண்டே சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். 1888ஆம் ஆண்டு இறுதியில் ஸ்பால்டிங் ஏற்பாடு செய்த உலகச் சுற்றுப்பயணத்தில் வார்டும் சென்றிருந்தார். அவர் கடல்கடந்து இருந்த அந்த நேரத்தில், ஆட்டக்காரர்களை ஐந்து தரங்களாகப் பிரித்து 1,500 முதல் 2,500 டாலர் வரை சம்பளத்தை வரையறுக்கும் திட்டத்தை உரிமையாளர்கள் நிறைவேற்றினார்கள். அதன் விளைவாக 1890இல் வார்டும் தோழர்களும் ஆட்டக்காரர் லீக் என்ற தனி லீகையே தொடங்கினார்கள். பெரும்பாலான சிறந்த ஆட்டக்காரர்கள் அங்கே போனார்கள். அதை முறியடிக்கும் குழுவின் தலைமை ஸ்பால்டிங்கிடம் வந்தது.

அவரே பின்னாளில் எழுதிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். மைக் கெல்லியைச் சந்தித்து, பழைய லீகுக்குத் திரும்பினால் 10,000 டாலர் தருவதாகக் கூறினார். கெல்லி சற்று நேரம் நடந்துவிட்டு வந்து, தோழர்களைக் கைவிட முடியாது என்று மறுத்துவிட்டார். கையில் காசில்லாததால் 500 டாலர் கடன் மட்டும் கேட்டார். ஸ்பால்டிங் கொடுத்தார். அந்த மறுப்பின் நேர்மையை அவர் மறைக்காமல் எழுதியது அவருக்குப் பெருமை சேர்க்கிறது. ஆயினும் போராட்டத்தை அவர் தளர்த்தவில்லை. புதிய லீகுக்குப் பணம் போட்டவர்கள் நட்டத்தால் அஞ்சியிருந்ததை அறிந்து, தம் பக்கத்தின் நட்டத்தை வெளிக்காட்டாமல், அவர்களைத் தனித்தனியே பேசிப் பிரித்தார். ஒரே ஆண்டில் ஆட்டக்காரர் லீக் கலைந்தது. ஆட்டக்காரரை அணியோடு பிணைத்த அந்த விதி 1975 இறுதியில் தொழில் தகராறு நடுவர் ஒருவரின் தீர்ப்பால்தான் தகர்ந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு!

தாம் பயன்படுத்திய உரிமையைத் தமக்குப் பின் வந்தவர்களுக்கு மறுத்தார் என்பதே ஸ்பால்டிங்கைப் பற்றி என் உறுதியான கருத்து. வணிகத் திறமையைப் போற்றும்போது இதை மறந்துவிடக் கூடாது. கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்தால் ஆட மாட்டேன் என்று பிடிவாதம் செய்த கேப் ஆன்சன் பல ஆண்டுகள் அவருடைய சிகாகோ அணியை நடத்தினார் என்பதையும், அணியின் நிர்வாகத் தலைவராக ஸ்பால்டிங் அதைத் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1880களின் இறுதிக்குள் கறுப்பினத்தவருக்குப் பெரிய லீகுகளின் கதவு மூடப்பட்டு, 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை மூடியே இருந்தது.

உலகச் சுற்றுப்பயணத்தில் அவர்கள் இந்தியாவுக்கு வந்தார்களா?
– கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

வரவில்லை, நமக்கு மிக அருகே வந்தது கொழும்பு வரை. 1888 அக்டோபரில் சிகாகோவிலிருந்து புறப்பட்ட இரண்டு அணிகள், ஹவாய், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா வழியாக 1889 சனவரியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடின. அங்கிருந்து கப்பலில் எகிப்துக்குச் சென்று பிரமிடுகளின் அருகே மணலில் ஆடி, பின் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து என்று சுற்றி, ஏப்ரலில் நியூயார்க் திரும்பின. அங்கே அவர்களுக்கு ஒரு விருந்து நடந்தது. அந்த விருந்தில் எழுத்தாளர் மார்க் ட்வெயினும் பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் கலந்துகொண்டார்கள். புதிய நாடுகளில், குறிப்பாக ஆஸ்திரேலியாவில், தம் பொருள்களுக்குச் சந்தை தேடுவதும் பயணத்தின் நோக்கமாக இருந்தது. கிரிக்கெட் வேரூன்றிய இடங்களில் பேஸ்பால் பெரிதாகப் பரவவில்லை.

பேஸ்பாலைக் கண்டுபிடித்தவர் அப்னர் டபிள்டே என்று பழைய பொது அறிவு நூலில் படித்திருக்கிறேன். இதில் ஸ்பால்டிங்குக்கும் பங்குண்டு என்கிறார்களே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பென்னாகரம்

பங்கு உண்டு, ஐயா. இங்கிலாந்துச் சிறுவர்களின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து பேஸ்பால் வளர்ந்தது என்று ஹென்றி சாட்விக் எழுதிவந்தார். தம் நாட்டின் ஆட்டம் தம் நாட்டிலேயே பிறந்ததாக இருக்க வேண்டும் என்று விரும்பிய ஸ்பால்டிங்கின் தூண்டுதலால், 1905இல் முன்னாள் லீக் தலைவர் ஏப்ரகாம் மில்ஸின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அப்னர் கிரேவ்ஸ் என்ற முதியவர் எழுதிய கடிதத்தை நம்பி, 1839இல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் டபிள்டே அந்த ஆட்டத்தை உருவாக்கினார் என்று குழு முடிவு சொன்னது. டபிள்டே அந்த ஆண்டில் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். 1893இல் இறந்த அவர், அந்த ஆட்டத்தைத் தாம் உருவாக்கியதாக ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. வரலாற்றாய்வாளர்கள் யாரும் இன்று அந்த முடிவை ஏற்பதில்லை. ஆனாலும் பேஸ்பாலின் புகழ்மன்றம் 1939இல் கூப்பர்ஸ்டவுனில்தான் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஸ்பால்டிங்கும் அதில் சேர்க்கப்பட்டார். தங்கள் நூலில் உள்ள அந்த வரியைப் பேரக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

என் மகன் மாவட்டக் கபடி அணியில் ஆடுகிறான். விளையாட்டுப் பொருள் கடை வைக்கலாமா என்று கேட்கிறான். உங்கள் கருத்து?
– ஒரு தாயார், பர்கூர்

வைக்கலாம், அம்மா, ஆனால் ஸ்பால்டிங்கின் வாழ்க்கையில் கடைக்கு முந்தைய பகுதியையும் அவர் பார்க்க வேண்டும். மளிகை நிறுவனத்திலும், பின்னர் ராக்ஃபோர்டு அலுவலகங்களிலும் கணக்கெழுதப் பழகிய பிறகே அவர் கடை திறந்தார். உங்கள் மகன் முதலில் சேலத்திலோ பெங்களூரிலோ உள்ள ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடையில் சில காலம் வேலை பார்ப்பது நல்லது. நம் நாட்டில் இந்தப் பொருள்கள் பெரும்பாலும் ஜலந்தரிலும் மீரட்டிலும் செய்யப்படுகின்றன. அங்கிருந்து எந்த விலையில் சரக்கு வருகிறது, எது எத்தனை நாள் தேங்கும், பள்ளிகள் ஆண்டின் எந்த மாதத்தில் வாங்குகின்றன, கடனுக்குக் கொடுத்தால் பணம் எப்போது திரும்பும் என்பவை எல்லாம் கடைக்குள் நின்றால்தான் தெரியும். இன்னொன்று: அவர் ஆடும்போதே தொடங்க வேண்டும். ஊர்ப் போட்டிகளில் அவருடைய பெயரைச் சொல்லிக் கைதட்டும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். முழங்கால் உறையும் காலணியும் அவரிடம் வாங்க வருபவர்கள் அவர்களே. கணக்குக்கு ஒரு வால்டர் வேண்டும். வீட்டில் கணக்கில் கெட்டியானவர் யார் என்று பார்த்துப் பொறுப்பைக் கொடுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிப்பதையும் கைவிட வேண்டாம்.

கடைசிக் காலத்தில் அவர் பிரம்ம ஞான சபையில் சேர்ந்தாராமே? அடையாற்றுக்கும் அவருக்கும் தொடர்புண்டா?
– ஒரு வாசகர், தருமபுரி

நேரான தொடர்பு இல்லை. முதல் மனைவி ஜோசி 1899இல் இறந்தபின் அவர் மணந்த எலிசபெத், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரை ஒட்டிய பாயிண்ட் லோமாவில் கேத்தரின் டிங்லி நடத்திய பிரம்ம ஞானக் குடியிருப்பில் ஈடுபாடு கொண்டவர். அது அடையாற்றுத் தலைமையிலிருந்து பிரிந்து இயங்கிய அமைப்பு. ஸ்பால்டிங் மனைவியோடு அங்கே குடியேறி, அப்பகுதியில் சாலைகள் அமைக்கும் பணிகளில் அக்கறை காட்டினார். 1910இல் கலிஃபோர்னியாவிலிருந்து செனட் உறுப்பினராகப் போட்டியிட்டுத் தோற்றார்; 1911இல் பேஸ்பாலின் வரலாற்றைத் தம் நினைவுகளோடு சேர்த்துப் பெரிய நூலாக வெளியிட்டார். கெல்லியின் மறுப்பை நாம் அறிவது அந்த நூலால்தான். 1915 செப்டம்பர் 9 அன்று, 66ஆம் வயதில், பாயிண்ட் லோமாவிலேயே காலமானார்.

அந்த நிறுவனம் இன்னும் அவர் குடும்பத்திடம் இருக்கிறதா?
– ஒரு கடைக்காரர், ஊத்தங்கரை

இல்லை. பல கைகள் மாறி, இன்று ஒரு பெரிய அமெரிக்கக் குழுமத்தின் கீழ் இருக்கிறது. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகுக்கு 1983 முதல் 2021 வரை பந்து கொடுத்துவந்தது. அதன்பின் அந்த உரிமை வில்சன் நிறுவனத்துக்குப் போய்விட்டது. அரூர் ஆசிரியரின் பள்ளியில் உள்ளதைப் போன்ற பந்துகளைத் தொடர்ந்து செய்துவருகிறது.